தோப்புல மணல் ஈ கடிக்குது, புகை அடிச்சா போகுமா?

கேள்வி: நாங்க தாம்பரத்துல இருக்கோம், மதுராந்தகம் பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, ஊடுபயிரா வாழை. காவலுக்கு இருக்கறவர் குடும்பத்தோட ஒரு மண்வீட்ல தங்கியிருக்கார், அதை ஒட்டியே மாட்டுக்கொட்டகை. பொழுது சாஞ்சா கொசுவை விட பொடியா ஏதோ கடிக்குது, சத்தமே இல்ல, கொசுவலைக்குள்ளயும் வந்துடுது. ரெண்டு தடவை புகை அடிச்சும் போகல. என்ன பண்ணலாம் சார்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, நீங்க சொல்றத பார்த்தா மணல் ஈ மாதிரிதான் தெரியுது. ராத்திரி செல்போன் டார்ச் அடிச்சு சுவத்த பாருங்க, ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பெல்லாம் முடி, உக்காந்திருக்கும்போதும் றெக்கைய மேல தூக்கி இங்கிலீஷ் V எழுத்து மாதிரி விரிச்சு வச்சிருக்கும், தத்தித் தத்திப் போகும். றெக்கைய முதுகு மேல படுக்கையா மடிச்சு வச்சிருந்தா அது வேற பூச்சி, அழுகின வாழைத்தண்டுல வளர்ற கடிக்கற பொடிப்பூச்சி (இங்கிலீஷ்ல மிட்ஜ்). அந்த இனத்துலயே சிலதுதான் கோகோ பூவுக்கு மகரந்தம் சேக்குது, அதனால பொள்ளாச்சி பக்கம் தென்னைக்கு நடுவுல கோகோ போட்டிருக்கறவங்க தோப்பு முழுக்க மருந்து அடிக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

புகை ஏன் கேக்கலன்னா, அது பறக்கறத மட்டும்தான் கொல்லும். மணல் ஈ கொசு மாதிரி தண்ணியில முட்டை போடாது, ஈரமான மண்ணு, மக்கின சாணி, சுவத்து விரிசல், எலி வளை, இதுக்குள்ளதான் அதோட புழு வளருது, அங்க புகை எப்படி போகும்? அதுவும் மாட்டு ரத்தம்னா சில வகைக்கு ரொம்பப் பிடிக்கும், நீங்க கொட்டகைய வீட்டோட ஒட்டி வச்சிருக்கீங்க, அதுதான் முதல் தப்பு. கொட்டகைய எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்க, சாணிய தினம் அள்ளி தூரமா குழியில கொட்டி மூடுங்க, வீட்டு விரிசல், எலி வளை எல்லாத்தையும் அடைச்சு சுவத்துக்கு சுண்ணாம்பு பூசுங்க. முட்டையிலிருந்து ஈ ஆகறதுக்கே ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அதனால ஒரே வாரத்துல பலன் தெரியலன்னு விட்டுடாதீங்க.

அதுவரைக்கும் கண் பொடியா இருக்கற வலை வாங்குங்க, சாதா கொசுவலை ஓட்டையில அது நுழைஞ்சிடும். அதுக்கு நல்லா பறக்க வராது, ஃபேன் காத்துக்கே ஒதுங்கிடும். 100 மில்லி தேங்காய் எண்ணெய்ல 2 மில்லி வேப்பெண்ணெய் கலந்து கை காலுக்கு தடவலாம்.

இந்த ஈ பரப்பற காலா அசார்ங்கற, விடாத காய்ச்சலோட மண்ணீரல வீங்க வைக்கற நோயோட கிருமிய 1903ல டோனோவன்ங்கற டாக்டர் கண்டுபிடிச்சது நம்ம சென்னை ஜி.எச்.லதான், அவர் பேருதான் அந்தக் கிருமிக்கு இருக்கு. இப்ப அந்த நோய் பீகார், ஜார்க்கண்ட், உ.பி., மேற்கு வங்கம் பக்கம்தான் அதிகம், நீங்க பயப்பட வேணாம். ஆனா தோப்புல அந்தப் பக்கத்து ஆளுங்க வேலை செஞ்சு, யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல் விடாம அடிச்சு இடது பக்க வயிறு வீங்கினா, மாத்திரை வாங்கிக் குடுத்து நாள் கடத்தாம ஜி.எச்.சுக்கு கூட்டிட்டுப் போங்க, எந்த ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. சுவர் பூசற வேலைய மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னாடியே முடிச்சிடுங்கம்மா.