கேள்வி-பதில்: வெளிநாட்டில் பல்வலி வந்தால்

அக்காவின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போன அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது. வேர் சிகிச்சைக்கு 1,400 டாலர் கட்டினோம். பயணக் காப்பீடு எடுத்தபோது “பல்லும் இதிலேயே அடங்கும்” என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இப்போது கிளெய்மை மறுத்துவிட்டார்கள்.
– வாசகி, மதுரை

உங்கள் மேல் தப்பே இல்லைம்மா. இந்த “பல்லும் அடங்கும்” என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலான பாலிசிகளில் அதற்கு அர்த்தம், திடீர் வலியைத் தணிக்க மட்டும் பணம் தருவோம் என்பதுதான். வேர் சிகிச்சை, பல்லின் மேல் மாட்டும் கேப், ஏற்கெனவே இருந்த சொத்தை எல்லாம் வெளியே. தருகிற பணத்துக்கும் தனி வரம்பு. முகப்பில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பல்லுக்கான தொகை உள்ளே எங்கோ கிடக்கும். நானும் அப்படித்தான் இருப்பதிலேயே மலிவான பாலிசியை வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் போனேன். பல்லுக்கு 300 டாலர் வரம்பு, அதில் முதல் 150 என் கையிலிருந்து. பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பியபின்தான் அந்த வரியைப் படித்தேன்.

மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அம்மாவுக்கு வந்தது தாங்கமுடியாத திடீர் வலி என்று அங்கே பார்த்த மருத்துவரிடம் கடிதம் வாங்கி, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப்பையும் சேர்த்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள். 1,400-ம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். வலி தணிப்புக்கான தொகையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்மா இன்னும் அங்கேதான் இருந்தால், அடுத்த சிகிச்சைக்கு நியூவர்க்கில் உள்ள ரட்கர்ஸ் பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப்பாருங்கள். கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடப் பொதுவாகக் கட்டணம் குறைவு.

வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்த துபாய் டூர் நாளை மறுநாள். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

இன்றே மருத்துவரிடம் போங்கள். மேலே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். பல்லுக்குள் அடைபட்ட காற்று விரிந்து உயிர் போகிற வலி வரலாம். டிக்கெட் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். அதில் ஒரு நாள்கூடவா கிடைக்கவில்லை? அப்புறம், கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளை முன்அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக் கூடாது.

சிங்கப்பூரில் கேப் கழன்றுவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டேன். தாங்குமா?
– வாசகர், திருச்சி

ஃபெவிக்விக்கை வாய்க்குள் வைக்கவே கூடாது. உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். கழன்ற கேப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு போயிருந்தால் அதையே திரும்ப ஒட்டியிருப்பார்.

டொரண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்து, “இரண்டே வாரத்தில் நிரந்தரப் பல்” என்ற விளம்பரத்தை நம்பிச் சென்னையில் மூன்று இம்பிளான்ட் வைத்தேன். இரண்டு ஆடுகின்றன. “நேரில் வாருங்கள்” என்கிறார்கள்.
– வாசகி, டொரண்டோ

விமானச் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டு “வாருங்கள்” என்பது அநியாயம். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் திருகு; அது எலும்போடு சேரப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். உடனே பல் கட்டும் முறை எல்லாத் தாடைக்கும் ஒத்துவராது. அதை அவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் கட்டியது 5 லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, இணையவழியிலேயே புகார் தரலாம். இரண்டு வருடம்தான் கெடு. எக்ஸ்ரே, ரசீது, திருகின் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் எல்லாவற்றையும் கிளினிக்கிடம் இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். டொரண்டோவில் பார்க்கப்போகும் மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.