வீட்டுக் கேமராவின் வீண் எச்சரிக்கைகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். கீழக்கரை வீட்டில் உம்மா தனியாக இருப்பதால் வாசலில் ஒன்றும் கொல்லையில் ஒன்றுமாக இரண்டு கேமராக்கள் பொருத்தியிருக்கிறோம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் கைபேசிக்கு அறிவிப்பு வரும் என்றார்கள். ஆனால் இரவு முழுவதும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது; திறந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. பொறுக்க முடியாமல் உணர்திறனை மிகவும் குறைத்து வைத்தேன். பிறகு ஒரு நாள் இரவு என் மச்சான் கொல்லைச் சுவரோரமாக நடந்து வந்தார். அதற்கு அறிவிப்பே வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், துபாய்

பதில்: உணர்திறனைக் குறைப்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் செய்கிறார்கள். அதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை குறைந்த கேமராக்களில் பல, ஆளைத் தனியாக அடையாளம் காண்பதில்லை. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, எத்தனை புள்ளிகளில் ஒளி மாறியிருக்கிறது என்று கணக்கிட்டு, அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அறிவிப்பு அனுப்புகின்றன. பனையோலை ஆடுவதும், கொடியில் துணி பறப்பதும், மேகம் விலகித் தரையில் வெயில் விழுவதும் அவற்றுக்கு அசைவுதான். சுவரோரம் தொலைவில் நடப்பவர் படத்தில் அடைத்துக்கொள்ளும் இடம், கண்ணாடிக்கு நான்கு விரற்கடை தள்ளிப் பறக்கும் பூச்சி அடைத்துக்கொள்ளும் இடத்தைவிடச் சிறியது. ஆகவே உணர்திறனைக் குறைத்தால் முதலில் விடுபட்டுப் போவது அந்த மனிதர்தான், பூச்சி அன்று.

முதலில் உணர்திறனைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டு, ஒரு வார அறிவிப்புகளை நேரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கைபேசி துபாய் நேரத்தைக் காட்டினால் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பகலில் காற்று எழும் வேளையில் குவிந்தால் மரம், துணி, நிழல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இருட்டிய பின் விடியும்வரை விட்டுவிட்டு வந்தால் காரணம் கேமராவுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

இரவில் பார்ப்பதற்காகக் கேமராவின் கண்ணாடியைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. அந்த ஒளி நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் அருகிலிருக்கும் எதன் மீதும் மிகப் பிரகாசமாக விழும், தொலைவு கூடக்கூட வேகமாகக் குன்றும். அதனால் கண்ணாடிக்கு முன் பறக்கும் சிறு பூச்சி, வெள்ளைப் பந்துபோல் படத்தின் குறுக்கே ஓடுகிறது. பூச்சி வரும் இடத்துக்குச் சிலந்தி வரும். அது பின்னிய வலை ஒவ்வொரு காற்றுக்கும் ஒளிர்ந்து அசையும். இவற்றோடு நம் கரைக்கே உரிய மற்றொன்றும் சேர்கிறது. ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது தொண்டி, தேவிபட்டினம் பக்கமும் உப்பு நீர்த் துவலை காற்றோடு வந்து கண்ணாடியில் படிந்து காய்கிறது. பகலில் அந்தப் படலம் தெரிவதே இல்லை. இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுச் சிதறிப் படம் முழுவதும் வெண்மூட்டமாகும். அந்த மூட்டத்தில் எந்த ஒளி மாறினாலும் பெரிய அசைவாகவே பதிவாகும்.

உப்பை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. உப்புப் பரல்களும் அவற்றோடு ஒட்டிய மணலும் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறிவிடலாம், கீறல் விழுந்தால் மூட்டம் நிரந்தரமாகிவிடும். நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்த பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காற்றுக்காலத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. ஏணி ஏறும் வேலையை உம்மாவிடம் விடாமல் மச்சானிடமே ஒப்படையுங்கள். பூச்சித் தொல்லைக்குச் சிறந்த வழி, கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கை அமைப்பில் அணைத்துவிட்டு, தனியாகக் கிடைக்கும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றை நாலைந்தடி தள்ளிப் பொருத்துவதாகும். கண்ணாடிக்கு முன் பறக்கும் பூச்சி மீது அப்போது அவ்வளவு பிரகாசமாக ஒளி விழாது. சாதாரண விளக்கே போதும் என்றால் வெள்ளை விளக்கைவிட மஞ்சள் எல்.ஈ.டி. விளக்குக்குப் பூச்சி குறைவாகவே வரும்.

வாசல் கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழக்கரைத் தெருக்கள் குறுகலானவை. வாசலில் வைத்த கேமரா எதிர்வீட்டுத் திண்ணையையும் சேர்த்தே பார்க்கும். செயலியில் கண்காணிப்புப் பகுதியை விரலால் வரைந்து குறிக்கும் வசதி இருக்கும். உங்கள் வாசற்படியையும் கதவையும் மட்டும் குறித்துவிட்டால், தெருவில் போகும் வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் அறிவிப்பு வராது. எதிர்வீட்டு வாசல் பதிவாகாதபடி அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியும் பல கேமராக்களில் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலில் கூச்சமின்றி உட்கார முடிய வேண்டும். ஆகவே அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

உங்கள் கேமராவில் மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதி இருந்தால் அதை இயக்கலாம். வீண் அறிவிப்புகள் வெகுவாகக் குறையும். கொடியில் தொங்கும் கைலியையும் சட்டையையும் அது சில வேளை ஆளென்று கொள்ளும் என்பதால் கொடியை அதன் பார்வையிலிருந்து மாற்றிக் கட்டுங்கள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு, இரவில் மச்சானை மறுபடியும் அதே சுவரோரமாக நடக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்தால் உணர்திறனை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அவரை நடக்கவைத்து, வராமல் போகும் படிக்கு ஒரு படி மேலே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு கொட்டகையில் வலைகளையும் வள்ளத்தின் இன்ஜினையும் வைத்திருக்கிறோம். அங்கே மின் இணைப்பு இல்லாததால் சூரியத் தகடுடன் கூடிய பேட்டரிக் கேமரா வாங்கினோம். ஆடு, நாய், கடலுக்குப் போகிறவர்கள் என்று எல்லாவற்றுக்கும் அறிவிப்பு வருகிறது. நடு இரவுக்குள் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே. பேட்டரிக் கேமரா எந்நேரமும் விழித்திருப்பதில்லை. உடலின் வெப்பத்தை உணரும் சிறு உணரி ஒன்று காவல் இருக்கிறது. வெப்பமான ஏதேனும் குறுக்கே நகர்ந்தால் அது கேமராவை எழுப்பும். ஒவ்வொரு வீண் எழுப்பலும் பேட்டரியைத் தின்கிறது. ஆகவே முதலில் கேமரா பார்க்கும் திசையை மாற்றுங்கள். கடலுக்குப் போகும் பாதையை நோக்கியிருப்பதைத் திருப்பி, கொட்டகையின் கதவை மட்டும் பக்கவாட்டில் பார்க்கும்படி, ஓர் ஆளைவிடச் சற்று உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். இவ்வகை உணரி தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாக உணரும். கதவை நெருங்குபவர் கேமராவுக்குக் குறுக்காக வருமாறு இடம் தேர்ந்தெடுத்தால், உணர்திறனைக் குறைத்த பிறகும் அவர் தப்ப மாட்டார். வெயிலில் காயும் தகரத்தை நோக்கி மட்டும் வைக்காதீர்கள். மணலும் சுவரும் உடற்சூட்டை எட்டும் உச்சிவேளையில் இந்த உணரி மந்தமாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்து, பகலில் கொட்டகைக்குப் பூட்டையே நம்புங்கள்.

அறிவிப்பு வரும் நேரத்தை அட்டவணையாகக் குறிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஆட்கள் வலை எடுக்க வரும் நேரத்தில் அதை நிறுத்திவைக்கலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஆள் நடமாட்டமே வேறு விதமாக இருக்கும். அப்போது பழைய அட்டவணையை அப்படியே விட்டுவிடாதீர்கள். சூரியத் தகட்டில் படியும் உப்பையும் மணலையும் கழுவுவதும் முக்கியம்; அழுக்கேறிய தகடு பேட்டரியை முழுதாக நிரப்பாது.

கேள்வி: மாலை ஆறரை மணி வாக்கில் தினமும் அறிவிப்பு வருகிறது, சில நாள் வரிசையாக நாலைந்து. கேமராவும் அந்த நேரத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஏன்?
– வாசகர், பாம்பன்

பதில்: வெளிச்சம் குறையும்போது கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி நகர்ந்து, வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது. படம் முழுவதும் ஒரே கணத்தில் மாறுவதால் அறிவிப்பு வருகிறது. அந்த ஓர் அறிவிப்பு இயல்பானது. கேமரா அணைந்து எழுவதோ மின்சாரக் கோளாறு. அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. அடாப்டர் வலுவற்றதாக இருந்தாலோ, இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு (உலோகத்தில் ஏறும் துரு) ஏறியிருந்தாலோ மின்னழுத்தம் சரிந்து கேமரா மறுபடி தொடங்குகிறது. பாம்பன் காற்றில் முதலில் பார்க்க வேண்டியது களிம்பைத்தான். அடாப்டரை அணைத்துவிட்டு இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அந்த முனையை வெட்டிப் புதியது போட்டு, நீர்புகா டப்பாவுக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். டப்பாவுக்குள் நுழையும் முன் ஒயர் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செல்லட்டும். மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்காது.