பச்சை எரியும் நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வேலை மாற்றம் வருகிறது. இரண்டு நகரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி, 8 வயது மகள், 76 வயது அப்பா எல்லோரும் சேர்ந்துதான் போகிறோம். முதல் நகரம் வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலில் நல்ல இடத்தில் இருக்கிறது. மெட்ரோ, பூங்காக்கள், அகலமான சாலைகள், நடப்பவர்களுக்கு மேம்பாலங்கள் எல்லாம் உண்டு. அப்படியும் ஜனங்கள் சாலையின் குறுக்கேதான் ஓடுகிறார்கள், ஒழுங்கில்லாத கூட்டம். ஒரு நகரம் வாழ நல்ல இடமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பட்டியலை ஓரமாக வையுங்கள். எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட், மெர்சர் போன்ற நிறுவனங்கள் போடும் தரவரிசைகள், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள் எவ்வளவு கூடுதல் படி கொடுக்கலாம் என்று கணக்குப் போடப் பயன்படுபவை. உங்கள் அப்பாவின் மாலை நேரம் எப்படிப் போகும் என்று அவை சொல்லாது. மெட்ரோ நல்லது, பூங்கா நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் "ஒழுங்கில்லாத கூட்டம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஒரு நடைமேம்பாலத்தில் இரண்டு கையிலும் பையோடு ஏறியிருக்கிறீர்களா? அடியில் லாரி போகவேண்டும் என்பதால் அது சாலைக்கு ஐந்து மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 35, இறங்க 35. எதிர்ப்பக்கம் தெரிகிற பஸ் நிறுத்தத்துக்குப் போக 70 படி! கால் நுனியால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறவருக்குச் சமதளம், முழங்காலைத் தேய்த்து நடக்கிறவருக்குப் படிக்கட்டு. அந்தப் பாலத்தைக் கட்டியதே வண்டிகள் நிற்காமல் போவதற்காகத்தான். அதில் ஏற முடியாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறவர்களைத்தான் ஒழுங்கில்லாதவர்கள் என்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

என் அம்மா மூட்டு அறுவைசிகிச்சைக்குப் பிறகும் சாயங்காலம் நூலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். கேட்டால், "என்னமோ போகத் தோணலை" என்பாள். வயசாகிவிட்டது என்றார்கள் எல்லோரும். ஒருநாள் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஆறு தடச் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். பச்சை விழுந்ததும் முதலில் கைத்தடியை இறக்கினாள், அப்புறம் வலது கால், அப்புறம் இடது கால். நான்கு தடம் தாண்டுவதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. முன்வரிசை பைக்குகள் உறுமின. ஒரு வண்டி அவள் புடவைக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து நின்றது. கரையேறியதும் நூலகம் வரைகூட வராமல் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். என் முழங்கையில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அம்மாவை வீட்டோடு கட்டிப்போட்டது மூட்டுவலி இல்லை, அந்தச் சிக்னல்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். நடக்கிறவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டே வெகுகாலம் பல நாடுகளில் பச்சை நேரத்தை ஒதுக்கினார்கள். தடத்துக்கு 3 மீட்டர் என்றால் ஆறு தடத்துக்கு 18 மீட்டர், அதற்கு 15 வினாடி. எழுபதைத் தாண்டியவர்களில் பலர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். 15 வினாடியில் அவர்கள் தாண்டுவது 12 மீட்டர். மிச்சம் இரண்டு தடம் இருக்கும்போதே வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிடும். என் அம்மா மாட்டிக்கொண்டதும் அதே இடத்தில்தான்.

சரிசெய்ய முடியாத விஷயமில்லை இது. அமெரிக்காவின் போக்குவரத்துக் கையேடு 2009-ல் அந்த 1.2-ஐ ஏறக்குறைய 1.07 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் இன்னொன்று செய்தார்கள். முதியவர் தன் முதியோர் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் இருக்கும் கருவியில் வைத்தால், சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 வினாடி வரை பச்சை கூடுதலாக எரியும். சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு போடலாம், முனைகளில் நடைபாதையை நீட்டிக் கடக்கும் தூரத்தைக் குறைக்கலாம். காரில் இருப்பவருக்கு இதனால் போவது பத்துப் பதினைந்து வினாடி. அதைக்கூடக் கொடுக்க மனமில்லாத நகரத்தில் எத்தனை பூங்கா இருந்தால் என்ன, அப்பாவால் அங்கே போய்ச் சேர முடியாதே.

உங்கள் கடிதத்தில் அப்பா ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் எண்ணிக்கைக்கு. வேலை மாறும் அலைச்சலில் அப்படித்தான் ஆகும், நான் குறையாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டு நகரங்களுக்கும் வீடு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். சாயங்காலம், வண்டிகள் நெருக்கும் நேரத்தில், வீட்டிலிருந்து எதிர்ப்பக்க மருந்துக்கடை வரை அவர் போக்கில் நடக்கவிட்டு நீங்கள் ஓரடி பின்னால் போங்கள். எந்த ஊரில் அவர் ஓட வேண்டியிருக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள். சம்பளத்தையும் பள்ளிக்கூடத்தையும் அதற்குப் பிறகு பேசலாம்.