பதில்: ஆத்தோரம் நட்ட தேக்கு கன்னு ஏன் மூணே மாசத்துல சாவுது?

தண்ணி பத்தாம சாவல, தண்ணி கூடித்தான் சாவுது. திரும்ப தேக்கே வாங்கி நடாதீங்க, காசுதான் வேஸ்ட். தேக்குக்கு வேர்ல தண்ணி தேங்கினா ஆவாது, நீங்க சொல்ற இடமோ மழைக்கு ஆறு ஏறி இறங்குற தாழ்வான கரை.

செத்த கன்னு ஒண்ண புடுங்கி பாருங்க, வேர் கறுத்து அழுகுன முட்ட நாத்தம் வந்தா அதேதான். பக்கத்துல ஒரு முழம் தோண்டுங்க, குழியில தண்ணி ஊறுதான்னும் பாருங்க.

அப்படின்னா தண்ணி ஓரத்துல மெங்குவாங் (தாழை வகை), கொஞ்சம் மேல ஆரா (அத்தி வகை), நேராம் மரம் வைங்க. நேராம் தெரியும்ல, மலேசியாவுல தாமான் நெகாரா தேசியப் பூங்கா பக்கம் தெம்பெலிங் ஆத்துல சாஞ்சு நிக்குமே, அது.

ஆனா கன்னோட சேர்ந்து சுத்தி இருக்கிற புல்லும் ஒரே வரிசையா கருகியிருந்தா அது பக்கத்து தோட்டத்துல செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடிச்ச களை மருந்து காத்துல வந்தது, அப்ப எந்த மரம் வச்சாலும் நிக்காது, முதல்ல அந்த தோட்டத்து மண்டோர்கிட்ட (மேஸ்திரி) பேசுங்க. 8 மீட்டர் அகல ஆறுன்னீங்க, ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டிப்படி ரெண்டு பக்கமும் 10 மீட்டர் ஆத்து ரிசர்வ் (ஆத்துக்குன்னு ஒதுக்குன கரை), அதனால நடுறதுக்கு முன்ன அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க. செம்பனை தோட்டத்துல மண்ண மூட விடுற முக்குனா கொடி கன்னு மேல ஏறுனா வாரம் ஒருக்கா அறுத்து விடணும், அது சனியன்.