கடலடியில் ஒரே ஒரு கேபிள்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் பசிபிக் கடலிலுள்ள டோங்கா தீவுக்கு ஒப்பந்த வேலையாகப் போகிறான். 2022-இல் எரிமலை வெடித்தபோது அந்த நாட்டோடு பேசவே முடியவில்லையாமே? மறுபடி அப்படி நேர்ந்தால் நாங்கள் என்ன செய்வது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, அப்போது டோங்காவை வெளியுலகத்தோடு இணைத்திருந்தது ஃபிஜியின் சுவா நகரிலிருந்து கடலடியில் வரும் 827 கிலோமீட்டர் நீளக் கேபிள் ஒன்றுதான். 2022 ஜனவரி 15 அன்று கடலுக்குள் எரிமலை வெடித்துப் பெருக்கெடுத்த சாம்பலும் பாறைத்துகளும் அதைத் துண்டு துண்டாக அறுத்து மண்ணில் புதைத்துவிட்டன. கரையிலிருந்து கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு கப்பலிலிருந்து கொக்கியை இறக்கிக் கேபிளின் முனைகளை மேலே இழுத்து, மயிரிழை போன்ற அந்த இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைப்பார்கள். கப்பலும் பப்புவா நியூ கினியாவிலிருந்து வர வேண்டியிருந்ததால், பிப்ரவரி 22 அன்றுதான் இணைப்பு மீண்டது. வடக்கே வவாவு தீவுகளுக்குச் செல்லும் உள்நாட்டுக் கேபிள் சீராக ஓராண்டுக்கும் மேலாயிற்று.

இத்தகைய நீண்ட கேபிளுக்கும் கரையிலிருந்து மின்சாரம் ஊட்ட வேண்டும். செல்போன் கோபுரத்துக்கும் வேண்டும். அங்கே மின்சாரத்தின் பெரும்பங்கு கப்பலில் வந்திறங்கும் டீசலிலிருந்து கிடைக்கிறது. ஆகவே இணையம் எவ்வளவு வேகம் என்று விசாரிப்பதைவிட, வேலையிடத்தில் தனியாகச் செயற்கைக்கோள் இணைப்பும் ஜெனரேட்டரும் உண்டா என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலக எண்ணையும் வாங்கி வையுங்கள். 2022-இலும் சில நாள்களிலேயே செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி ஓரளவு பேசத் தொடங்கியது.

பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போன ஐயாவின் கடிதங்களை எங்கள் அப்பத்தா மரப்பெட்டியில் நூல் சுற்றி வைத்திருந்தார்கள். மாதம் தவறினால், 'கப்பல் வரவில்லை' என்றுதான் சொல்வார்களே தவிர, 'அவருக்கு என்னவோ' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தெம்பு உங்களுக்கும் வேண்டும், ஆச்சி.

கேள்வி: டீசலே இல்லாமல், வெயிலை மட்டும் நம்பி ஒரு தீவு வாழ முடியாதா?
- ஒரு கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: ஏறக்குறைய முடியும். நியூசிலாந்தின் ஆளுகைக்குட்பட்ட டோகெலாவின் மூன்று பவளத்தீவுகளுக்கு விமான நிலையம் கிடையாது. சமோவாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் பயணம். 2012-இல் அங்கே 4,032 சூரியத் தகடுகளும் 1,344 பேட்டரிகளும் நிறுவி, அதுவரை டீசலில் எரிந்த விளக்குகளை வெயிலுக்கு மாற்றினார்கள். மேகமூட்டம் நீடித்தால் மட்டும் ஜெனரேட்டர் துணை. தகட்டைவிடப் பேட்டரியும் உப்புக்காற்றில் உலோகம் அரிப்பதும்தான் அங்கே பெரிய கவலை. இவ்விரண்டையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. செப்டம்பரில் பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் பேட்டரிப் பிரிவுக்குப் போய் இதே கேள்வியைக் கேளுங்கள், தம்பி.