வீட்டுக்குப் பின்னால் டேட்டா சென்டர் வருகிறது. எதிர்த்தால் நிற்குமா?

கேள்வி: எங்கள் கம்யூனிட்டிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் டேட்டா சென்டர் (இணையச் சேவைகளுக்கான கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி ஓட்டும் பெரிய கட்டடம்) வரப்போகிறதாம். ஹெச்ஓஏ (வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம்) கூட்டத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். மக்கள் எதிர்த்து இதையெல்லாம் நிறுத்த முடியுமா, அல்லது வீண் வேலையா?

பதில்:

நிறுத்த முடியும். ஆனால் கையெழுத்து மட்டும் வாங்கினால் நிற்காது. போடச் சொன்னால் போடுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் இன்று ராத்திரியே உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரைபடத்தைத் திறந்து அந்த இடம் எந்த சோனிங்கில் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற வகைப்பிரிவு) இருக்கிறது, அந்த சோனிங்கில் டேட்டா சென்டருக்குத் தனி அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று பாருங்கள். உங்கள் சண்டைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஹெச்ஓஏ என்று எழுதியிருப்பதால் நீங்கள் அமெரிக்காவில், அதிலும் என்னைப் போல ஒரு டவுன்ஹவுஸ் வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஆள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வக்கீல் இல்லை. வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டி, ஆஷ்பர்ன் பக்கம் குடியிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் இந்த விஷயத்தில் அது கொஞ்சம் பெரிய தகுதி. எங்கள் கவுண்டியில் மட்டும் சுமார் 200 டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. உலகத்திலேயே இவ்வளவு நெருக்கமாக வேறு எங்கும் கிடையாது. இட்லி மாவு வாங்கப் போகும் வழியெல்லாம் ஜன்னல் இல்லாத பெட்டிகள்தான்.

நாங்கள் வீடு வாங்கும்போது பின்பக்கம் மரங்கள். ரியல்டரிடம் (வீட்டுத் தரகர்) கேட்டேன், "ஆபீஸ் பார்க் சோனிங், ஏதாவது சின்ன ஆபீஸ் வரும், வீட்டு விலைக்கு நல்லதுதான்" என்றார். சில வருடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் மரத்தை வெட்ட ஆரம்பித்தார்கள். கவுண்டி பிளானிங் ஆபீசுக்கு போன் செய்தால் அங்கிருந்த அம்மா ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: டேட்டா சென்டர், பை-ரைட், பப்ளிக் ஹியரிங் (மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம்) கிடையாது. அதாவது அந்த சோனிங்கிலேயே டேட்டா சென்டர் கட்டலாம் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கவுண்டி ஊழியர்கள் சைட் பிளானைப் பார்ப்பார்கள், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, மழைத்தண்ணீர் எங்கே போகும், இந்த மாதிரி. விதிக்குள் இருந்தால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கவுண்டியை நடத்தும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுக்கு அந்தக் காகிதம் போகவே போகாது. நீங்கள் ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் அதை யாரிடம் கொடுப்பது?

நாங்களும் கிளப்ஹவுசில் கூட்டம் போட்டோம். கட்டுகிறவர்களின் வக்கீல் மரியாதைக்காக வந்தார், அழகாக மரம் வரைந்த படங்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு மணி நேரம் கத்தியதில் கிடைத்தது, எங்கள் பக்கம் தெரியும் சுவரில் சாம்பலுக்குப் பதில் செங்கல் நிறப் பலகை. எங்கள் போராட்டத்தின் மொத்த வெற்றி அந்த நிறம்தான்.

கட்டி முடித்ததும் சத்தம் ஆரம்பித்தது. இரைச்சல் என்று சொல்ல முடியாது, பகலில் சாலைச் சத்தத்தில் தெரியாது. ராத்திரி ஒரு முனகல், நிற்கவே நிற்காது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "யாருடா மோட்டாரை நிறுத்தாம தூங்கப் போயிருக்கான், தொட்டி வழியப்போகுது" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதை விளக்கிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. கம்ப்யூட்டருக்கு ஏசி போட்டிருக்கிறார்கள் என்றால், "மனுஷன் தூங்குற நேரத்துல அதுக்கு எதுக்கு?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

புகார் கொடுத்தோம். அளந்து பார்த்தார்கள், விதிக்குள் இருக்கிறது என்றார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, உங்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் குடியிருப்பு எல்லையில் 55 டெசிபெல்தான் உச்சம். ஆனால் அந்த டெசிபெல் 'ஏ' அளவுகோலில் எடுப்பது. அந்த அளவுகோல் மனிதக் காதுக்கு ஏற்றபடி என்று சொல்லிக் கீழ் ஸ்தாயி சத்தத்தைக் குறைத்துக் கணக்கிடும். 100 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் அதில் சுமார் 19 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் எண் வரும். டேட்டா சென்டர் ஃபேனும் சில்லரும் (குளிரூட்டும் இயந்திரம்) போடும் சத்தத்தில் நம் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பகுதிதான். கருவி 'பரவாயில்லை' என்று காட்டும், தலையணைக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில், மனாசஸ் அருகே கிரேட் ஓக் என்ற குடியிருப்பில் 2022இல் இதே கதை. அங்கே சத்த விதியில் ஏசி கருவிகளுக்கு விலக்கே இருந்தது, மக்கள் மாதக்கணக்கில் கத்தியபின்தான் விதியைத் தொட்டார்கள். வந்தபின் அளந்து சண்டை போடுவதை விட வருமுன் விதியில் எந்த அளவுகோல் என்று எழுதவைப்பது சுலபம். ஜெனரேட்டர் சோதனை ஓட்டம் எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதவையுங்கள். டீசல் புகை ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடும் நேரத்தில் வரக் கூடாது பாருங்கள். (எங்கள் ஹெச்ஓஏ துணி காயப்போடவே விடாது, அது வேறு.)

இப்போது "நிறுத்த முடியுமா"வுக்கு வருகிறேன். தனி அனுமதியோ சோனிங் மாற்றமோ தேவைப்படும் இடமாக இருந்தால், பப்ளிக் ஹியரிங் வைத்தே தீர வேண்டும், ஓட்டு வாங்கி வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கை தூக்க வேண்டும். அங்கேதான் மக்களுக்குப் பிடி கிடைக்கிறது. பிரின்ஸ் வில்லியத்தில் டிஜிட்டல் கேட்வே என்று 2,100 ஏக்கருக்கு மேல் ஒரு டேட்டா சென்டர் திட்டம், மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவை ஒட்டி. டேட்டா சென்டரை ஆதரித்த போர்டு தலைவி 2023 ஜூனில் தன் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். இருந்தும் பதவி முடியப்போகும் அந்தப் பழைய போர்டு டிசம்பரில் 27 மணி நேரம் ஹியரிங் நடத்தி, ஓரிரு ஓட்டு வித்தியாசத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ஒப்புதலையே செல்லாது என்றது. காரணம் போர்க்களமும் இல்லை, சுற்றுச்சூழலும் இல்லை, ஹியரிங்குக்கான செய்தித்தாள் அறிவிப்பைச் சட்டப்படி போடவில்லை! நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆனால் பாருங்கள், அத்தனை பேர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பேசியதை விட யாரோ ஒருவர் விளம்பரத் தேதியை எண்ணிப் பார்த்ததுதான் வேலை செய்தது.

அதே திட்டத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கமாக எழுதுகிறேன் என்பீர்கள். நிலத்தை விற்க முதலில் முன்வந்தவர்கள் அங்கேயே பல வருடம் குடியிருந்த நிலக்காரர்கள்தான். உயர் அழுத்த மின்கம்பி ஒவ்வொன்றாக வர வர, இனி இது கிராமமே இல்லை என்று அவர்களே சேர்ந்து கொடுக்கத் தயாரானார்கள். அவர்களைத் துரோகி என்று திட்டினார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

வர்ஜீனியாவிலேயே வாரன்டன் என்ற சின்ன ஊரில் 2023 பிப்ரவரியில் கவுன்சில் ஒரு டேட்டா சென்டருக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருடமே டேட்டா சென்டர் என்ற வகையை நகர விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அரிசோனாவில் டூசான் நகரக் கவுன்சில் 2025 ஆகஸ்டில் புராஜெக்ட் ப்ளூ என்ற டேட்டா சென்டர் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது, பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. நகரம் கைவிரித்தாலும் அந்த ஆட்கள் கவுண்டி நிலத்தில் வேறு வழி தேடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வென்றாலும் தூங்க முடியாது.

எங்கள் லவுடனில் 2025 மார்ச்சில்தான் பை-ரைட்டை எடுத்தார்கள். இனிமேல் வருவது எல்லாம் ஸ்பெஷல் எக்செப்ஷன் என்ற தனி அனுமதி வாங்கி, ஹியரிங்கைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த ஹியரிங்கில் நானும் பேசினேன். கொடுப்பது சில நிமிடம்தான், சுற்றி வளைக்க நேரமில்லை, வீடு எங்கே, கட்டடம் எவ்வளவு தூரம், ராத்திரி என்ன கேட்கிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். எலக்ட்ரீஷியன் யூனியன்காரர்கள் எதிர்ப்பக்கம் பேச வந்திருந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு, அவர்களிடம் கோபப்பட என்ன இருக்கிறது. சிட்டிசன் இல்லையே, பேசலாமா என்று பல நம்மவர்கள் கேட்கிறார்கள். எங்கள் கவுண்டியில் ஓட்டுத்தான் இல்லை, மைக் எல்லோருக்கும் உண்டு. அவ்வளவு தமிழர் குடியிருக்கும் இடத்தில் வந்திருந்தவர்களில் தமிழ் முகம் எத்தனை என்று கேட்காதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹியரிங் தேதியை எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அட்மின் நீக்கிவிட்டார், "அரசியல் வேண்டாம் பாஸ்." சரி. அதே குழுவில் ஊரில் எந்த நடிகர் கட்சி ஜெயிக்கும் என்று விடிய விடிய அடித்துக்கொள்ளலாம், செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் பிளாட் விளம்பரம் போடலாம், சர்க்கரை நோய்க்குக் கஷாயம் சொல்லலாம். நம் வீட்டுப் பின்பக்கம் என்ன வருகிறது என்பது மட்டும் அரசியல். இதே ஆட்கள் நடத்திய பொங்கல் விழாவில் என் மகள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த நடனத்தை நேரமில்லை என்று பாதியில் பாட்டை நிறுத்தி இறக்கினார்கள். ஏன் நேரமில்லை? ஸ்பான்சர் இருபது நிமிடம் பேசினார். ஸ்பான்சர் யார்? ரியல்டர். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு. "நீயே கிளவுடில்தானே (டேட்டா சென்டரில் ஓடும் கம்ப்யூட்டர் சேவை) சோறு தின்கிறாய்?" ஆமாம், தின்கிறேன். அரிசி தின்கிறவன் எல்லாம் ரைஸ் மில்லைப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைத்துக்கொள்கிறானா? "டேட்டா சென்டர் இல்லாவிட்டால் உன் வரி எவ்வளவு தெரியுமா?" தெரியும். கவுண்டி அவர்களுக்குச் செய்யும் ஒரு டாலர் சேவைக்கு 26 டாலர் வரி அவர்களிடமிருந்து வருகிறது என்று கவுண்டியே சொல்கிறது. வீட்டு வரி விகிதம் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 80.5 சென்ட் வரை இறங்கியது அவர்கள் புண்ணியத்தில்தான், பள்ளிக்கூடம் நன்றாக இருப்பதும் அப்படித்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரியில் மிச்சமாவது கரண்ட் பில்லில் போகும் போலிருக்கிறது. வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில், 2040க்குள் ஒரு சராசரி வீட்டுக்கு மாதம் 14 முதல் 37 டாலர் வரை கூடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால் டேட்டா சென்டரே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எங்கே, எவ்வளவு தள்ளி, எந்தச் சத்த அளவில் என்பதை அங்கே குடியிருக்கிறவனிடம் கேட்டுவிட்டுக் கட்டு என்கிறேன். இதற்குப் பெயர் வளர்ச்சிக்கு எதிரி என்றால் இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு: சோனிங் பார்த்து பை-ரைட் என்றால், கையெழுத்தைக் கட்டுகிறவர்களுக்கு எதிராக வாங்காமல், விதியை மாற்றச் சொல்லி உங்கள் பகுதி போர்டு உறுப்பினருக்கு வாங்குங்கள். உங்கள் பின்பக்கத்துக்கு அது பிந்திப் போகலாம், ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு கொடுத்துவிடுவார்கள். தனி அனுமதி தேவை என்றால் ஹியரிங் அறிவிப்பு எந்தத் தேதியில் எந்தச் செய்தித்தாளில் வந்தது என்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டி பெயரையும் சோனிங் குறியீட்டையும் கீழே கருத்தில் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப் எண் மட்டும் கேட்காதீர்கள்.