உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம்? - நிலம்: கேள்வி பதில்

எங்கள் ஊரைச் சுற்றி எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் தொழிற்சாலைக்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்? நகராட்சியா, பஞ்சாயத்தா? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
- வாசகர், ராயக்கோட்டை

இரண்டும் தனியாக முடிவு செய்வதில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு பகுதி 'திட்டப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அங்குள்ள திட்டக் குழுமம் அல்லது வளர்ச்சிக் குழுமம், எந்த நிலம் எதற்கு என்று காட்டும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும். தொழில்நுட்ப வேலையில் நகர் ஊரமைப்பு இயக்ககம் துணை நிற்கும். ஒப்புதல் தருவது அரசு. நகராட்சியும் ஊராட்சியும் தகவல் தரும், கருத்துச் சொல்லும், மனைப்பிரிவுகளுக்கு இறுதி அனுமதி கொடுக்கும்.

வேலை நிலத்திலிருந்து தொடங்குவதில்லை, தலைக்கணக்கிலிருந்து தொடங்குகிறது. இருபது ஆண்டு கழித்து எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை வீடு, எவ்வளவு இடம் என்று போட்டுப் பார்ப்பார்கள். 10 ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 40,470 சதுர மீட்டர். சாலைக்குக் கால்வாசி போனால் மீதி 30,350. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பூங்காவுக்கு விட வேண்டும். அதையும் கழித்தால் விற்கக்கூடியது ஏறக்குறைய 27,300 சதுர மீட்டர். 1,200 சதுர அடி மனையாகப் பிரித்தால் சுமார் 245. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 980 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அளவுகோல். அந்தக் கணக்கில் தினமும் 1,32,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நிலத்தை மதிப்பிடும்போது உண்மையில் இடிக்கும் இடம் இதுதான்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு பல இடங்களில் அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. 'போர் போட்டுக் கொள்ளலாம்' என்ற நம்பிக்கையில் புன்செய்க் காட்டைக் குடியிருப்பாக்கினால், பத்தாண்டு கழித்து லாரித் தண்ணீர்தான். குழாய் எதுவரை வந்திருக்கிறது, மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு என்ன, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பவை, நெடுஞ்சாலை எவ்வளவு கிட்டே என்பதைவிட முக்கியம். நடப்பது என்னவோ தலைகீழ். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரை சாலையை ஒட்டியே மனைகள் நீள்கின்றன. பின்னால் உள்ள நிலத்துக்குப் போக வழியே இல்லாமல் போகிறது.

கணக்குக்குப் பிறகுதான் கழித்தல். கிராம வரைபடத்தின் மேல் செயற்கைக்கோள் படத்தைப் பொருத்தி ஏரி, ஓடை, காப்புக்காடு, மேய்க்கால், சரிவான கரடு, உயர் அழுத்த மின்கம்பிப் பாதை எல்லாவற்றையும் நீக்குவார்கள். இங்கே அடிக்கடி தவறு நேர்கிறது. மழை பொய்த்த ஆண்டில் எடுத்த படத்தில் ஏரி முள்காடாகத்தான் தெரியும். ஓடை இருந்த தடம் உழுது சமமாகியிருக்கும். படத்தை மட்டும் நம்பினால் அது 'காலி நிலம்'. அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) விரித்தால்தான் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று தெரியும். ஊராட்சியின் பங்கு இங்குதான் பெரிது. எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு நீர் வழியும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்தால் கோப்பில் ஏறும். டீக்கடையில் சொன்னால் ஏறாது.

ஓசூர்ப் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு. வரைவுத் திட்ட வரைபடத்தில் பாதி மஞ்சளாகவும் பாதி பச்சையாகவும் இருக்கிறது. ஒரே பட்டா எப்படி இரண்டு நிறமாகும்?
- வாசகி, ஓசூர்

முதலில் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள நிறக் குறிப்பைப் பாருங்கள். வழக்கமாக மஞ்சள் குடியிருப்பு, பச்சை விவசாயம். ஒரே பட்டாவில் பல சர்வே எண்கள் இருக்கலாம். திட்டமோ பட்டா எண்ணைப் பார்ப்பதில்லை, சர்வே எண்ணைத்தான் பார்க்கும். வரைபடம் தயாரான பிறகு உங்கள் நிலம் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலேயே நிறம் அடித்திருப்பார்கள். வரைபடத்தில் ஒன்றும், அதனுடன் உள்ள சர்வே எண் பட்டியலில் வேறொன்றும் இருப்பதும் உண்டு. அதனால் இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

பட்டா, அ-பதிவேட்டுப் பிரதி, புலப்படம் மூன்றையும் இணையவழி நிலப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பை ஹெக்டேர்-ஏர் கணக்கிலேயே எழுதுங்கள். பட்டாவில் 0.81.0 என்றிருந்தால் 81 ஏர். அதுதான் உங்கள் 2 ஏக்கர். ஏக்கர், சென்ட் என்று எழுதிய மனுவில் பிழை திருத்த அலுவலகத்துக்கு அதிக நேரம் பிடிக்கும். வரைவு வெளியானதும் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. கடைசி நாள் அறிவிப்பிலேயே இருக்கும். மனுவில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, இப்போதைய பயன்பாடு, நீங்கள் கேட்கும் பயன்பாடு, அதற்கான காரணம் இவ்வளவும் போதும். தோப்பின் படமும் சேருங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். திட்டம் ஒப்புதலான பிறகும் மாற்றம் கேட்கலாம். ஆனால் அந்த வழி நீளமானது.

தோப்பு தோப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தால் பச்சையைக் காப்பாற்றவும் இதே மனுதான். மஞ்சள் அடித்ததாலேயே யாரும் வந்து வீடு கட்டிவிட முடியாது.

எங்கள் நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் திட்டத்தில் 'பள்ளிக்கூட இடம்' என்று குறித்துவிட்டார்கள். வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் படியுங்கள். 26 அல்லது 27-ஆம் பிரிவின்கீழ் அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பும் வராமல், பேசி வாங்கவும் செய்யாமல் விட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். ஆனால் வரைபடத்தில் நிறம் தானாக மாறாது. அறிவிப்புத் தேதியைக் குறிப்பிட்டுக் குழுமத்துக்கு எழுதி, எழுத்துப்பூர்வப் பதில் வாங்குங்கள். கட்டட அனுமதி கேட்கும்போது அந்தக் கடிதம் கையில் இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

எங்கள் ஊர் எந்தத் திட்டப் பகுதியிலும் இல்லை. புன்செயை மனையாக்கத் தடை ஏதும் உண்டா?
- வாசகர், பென்னாகரம்

உண்டு. திட்டமில்லாப் பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அதே 1971 சட்டத்தின் 47-அ பிரிவின்படி நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் அனுமதி வேண்டும். அதற்கான விதிகள் 2017-இல் வந்தன. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்மைத் துறையின் கருத்தும் தேவைப்படும். உங்கள் பக்கம் காடு கிட்டே இருப்பதால் காப்புக்காட்டு எல்லையையும் பாருங்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இரண்டு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. மலைப் பகுதிகளில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் கிராமம் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை, பாதி விலை என்கிறார் தரகர். வாங்கலாமா?
- வாசகர், அரூர்

வேண்டாம். ஊராட்சி தரும் இறுதி அனுமதிக்கு முன்னால் நகர் ஊரமைப்பின் தொழில்நுட்ப ஒப்புதல் எண் இருக்க வேண்டும். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சியின் பெயருக்குப் போயிருக்க வேண்டும். ஒப்புதல் வரைபடத்தைக் கேளுங்கள். சர்வே எண், மனை எண் இரண்டும் அதில் இருக்கட்டும். அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்கான வரம்பு நாள் 20.10.2016. அதற்குப் பிறகு உருவான அனுமதியற்ற மனைக்கு அந்தக் கதவு திறக்காது.

விமான நிலையம், தொழிற்பேட்டை என்று தினமும் செய்தி வருகிறது. எங்கள் நிலம் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், சூளகிரி

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அது அறிவிப்புதான். அதில் சர்வே எண் கிடையாது. தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தில். அதன்படி முதலில் உரிமையாளருக்கு 'ஏன் எடுக்கக் கூடாது' என்று காரணம் கேட்கும் அறிவிப்பு வரும், பிறகுதான் அரசிதழ். அந்த அறிவிப்பு பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் வரும். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் உங்களுக்கு வராமலே போகலாம். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.